உணவுக்குழாய் புற்றுநோய் அறுவை: இணைப்பு கழுத்திலா, நெஞ்சிலா? ரோபோ அவசியமா?

நெசவாளர் மகள்:

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 63. சின்னாளபட்டியில் தறி நெய்தவர். இளம் வயதிலிருந்தே பீடிப் பழக்கம். நோய் தெரிந்த அன்றே விட்டுவிட்டார். இட்லி தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவர், கஞ்சி மட்டுமே இறங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் எண்டோஸ்கோபிக்குச் சம்மதித்தார். உணவுக்குழாயின் நடுப்பகுதியில், முன்பல்லிலிருந்து 28 செ.மீ. ஆழத்தில் கட்டி. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் வகை (உள்சவ்வின் தட்டைச் செல்களில் தோன்றுவது) என்று வந்தது. ஐந்து வாரக் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்துவிட்டன. கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது, ஆனால் முழுவதும் கரையவில்லை. அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள்.

இரண்டு மருத்துவமனைகளில் கேட்டோம். முதல் இடத்தில், குப்புறப் படுக்கவைத்து நெஞ்சில் நுண்துளை வழியாக உணவுக்குழாயை விடுவித்து எடுத்து, வயிற்றிலும் அதே முறையில் இரைப்பையைத் தயார்செய்து, மேலே கழுத்துக்குக் கொண்டுவந்து மீதி உணவுக்குழாயோடு இணைப்போம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் ரோபோ; இணைப்பு நெஞ்சுக்குள்ளேயே இருக்கும், கழுத்தில் இணைத்தால் தையல் வழியே கசிவு அதிகம் என்றார்கள். ரோபோவுக்குச் செலவு மிகவும் கூடுகிறது. நகையை அடகு வைத்தால் சமாளிக்கலாம், அதற்கும் தயார்தான். எந்த வழியில் அப்பா எழுந்து நடமாடுவார் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

மயக்கவியல் மருத்துவர் (ஓய்வு):

அம்மா, நான் அறுவை மருத்துவர் அல்ல. மேசையின் தலைமாட்டில் நின்று நோயாளியின் மூச்சைக் காப்பது என் வேலையாக இருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நெஞ்சைத் திறந்து செய்த காலத்தில், அறுவை நன்றாக முடிந்திருக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான் வரும். விலா எலும்புகளை விரித்த வலியில் நோயாளியால் இருமமுடியாது. சளி தங்கும், நிமோனியா பிடிக்கும், மறுபடி வென்டிலேட்டர். நுண்துளை முறையின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. தழும்பு சிறிதாக இருப்பதில் அல்ல. ஐரோப்பாவில் நடந்து 2012இல் வெளியான டைம் ஆய்வில் 115 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு வாரங்களில் நுரையீரல் தொற்று, திறந்த முறையில் 29 சதவீதம், நுண்துளை முறையில் 9 சதவீதம். வயிற்றுப் பகுதியை மட்டும் நுண்துளையில் செய்து நெஞ்சைத் திறந்த பிரெஞ்சு ஆய்விலும் (2019) பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைந்தன. பீடி பிடித்த நுரையீரலுக்கு இது பெரிய விஷயம். உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு வழிகளிலுமே இந்த லாபம் உண்டு.

குப்புறப் படுக்கவைப்பது பற்றிப் பயப்பட வேண்டாம். கோவையில் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் இந்த நிலையில் செய்த 130 பேரின் அனுபவத்தை 2006இல் வெளியிட்டார்கள். உலகின் பல இடங்களில் அதைப் படித்தார்கள். பக்கவாட்டில் படுக்கவைத்தால் ஒரு நுரையீரலை முழுவதும் சுருக்கி, கருவியால் ஒதுக்கிப் பிடிக்கவேண்டும். குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் எடையாலேயே முன்பக்கம் சரிந்து விலகிவிடும். நெஞ்சுக்குள் கொஞ்சம் கரியமில வாயுவைச் செலுத்தினால் போதும், உணவுக்குழாய் கண்முன் தெரியும். கசியும் ரத்தமும் அங்கே தேங்காமல் முன்னால் வழிந்துவிடும். பல நேரம் இரண்டு நுரையீரலுக்கும் காற்று கொடுத்துக்கொண்டே என்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஒரு குறை உண்டு: திடீரென்று நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் திருப்பிப் படுக்கவைக்க நேரம் பிடிக்கும். அதனால் சிலர் பாதி குப்புற நிலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரோபோ பற்றி. விளம்பரத்தாளில், சிக்கல்கள் ரோபோவில் 59 சதவீதம், மற்றதில் 80 என்று ஒரு கணக்கு காட்டியிருந்தால் கவனியுங்கள். அது நெதர்லாந்து ஆய்வு. அங்கே ரோபோவை ஒப்பிட்டது நெஞ்சைத் திறக்கும் முறையோடு, நுண்துளையோடு அல்ல. ரோபோவையும் நுண்துளையையும் நேருக்கு நேர் வைத்த பெரிய ஆய்வு சீனாவில் நடந்தது: 362 பேர், எல்லாருக்கும் உங்கள் அப்பாவின் அதே ஸ்குவாமஸ் வகை. ரோபோவில் சராசரியாக 204 நிமிடம், நுண்துளையில் 245. மொத்தச் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குரல் நரம்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை எடுப்பதில், முன்பே கீமோ பெற்றவர்களுக்கு ரோபோவால் சற்று நன்மை தெரிந்தது. நல்ல கருவிதான். ஆனால் அதற்காக மட்டும் நகையை அடகு வைக்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இணைப்பின் இடம்தான் நீங்கள் உட்கார்ந்து கேட்கவேண்டிய விஷயம். கழுத்தில் கசிவு அதிகம் என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. 2021இல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வில், மறு சிகிச்சை தேவைப்பட்ட கசிவு கழுத்து இணைப்பில் 31.7 சதவீதம், நெஞ்சு இணைப்பில் 12.3. குரல் நரம்பு பாதிப்பு 7.3க்குப் பூஜ்யம். ஆனால் அங்கே பெரும்பாலோருக்குக் கட்டி கீழ்ப்பகுதியில், அடினோகார்சினோமா வகை (சுரப்பிச் செல்களில் தோன்றுவது). உங்கள் அப்பாவுக்கு நடுப்பகுதியில் ஸ்குவாமஸ். இந்த வகை, குரல் நரம்பை ஒட்டிய கணுக்கள் வழியாக மேல்நோக்கிப் பரவக்கூடியது. 28 செ.மீ. என்றால் கட்டிக்கு மேலே போதிய இடைவெளி விட்டு வெட்டவேண்டும். கதிர்வீச்சு பட்ட பகுதியில் தையல் விழாமலும் பார்க்கவேண்டும். இதனால்தான் இத்தகைய கட்டிக்குப் பல மருத்துவர்கள் கழுத்து இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘கட்டிக்கு மேலே எவ்வளவு இடைவெளி கிடைக்கும்?’ என்று இரண்டாவது இடத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

கரூர்க்காரி:

என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில்தான் இணைத்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன், தங்கச்சி.

ஒரு வாரம் ஆகும்போது கழுத்துத் தையல் சிவந்தது. படுக்கையிலேயே இரண்டு தையலைப் பிரித்துவிட்டார்கள். எச்சில் விழுங்கினால் கட்டுத்துணி நனையும். நான் பதறிப்போனேன். வாய்வழியே எதுவும் கொடுக்காமல், சிறுகுடலில் வைத்திருந்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பால்கரைசல் ஏற்றினார்கள். கட்டு மாற்றி மாற்றி, தானாகவே மூடிக்கொண்டது. மறுபடி தியேட்டருக்குப் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கு நெஞ்சுக்குள் கசிந்து, ஸ்டென்ட் (கசிவை உள்ளிருந்து மூடும் குழாய்) வைத்து, நெடுநாள் ஐசியூவில் கிடந்தார். அவரும் தேறி வீட்டுக்குப் போனார், ஆனால் பட்ட பாடு வேறு.

இவருக்குக் குரல் கம்மியது. சில மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. அதுவரை தண்ணீர் குடித்தால் புரை ஏறும். தாடையை மார்போடு சேர்த்துக் குனிந்து விழுங்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

சாப்பாடு இனி பழையபடி இல்லை என்பதை அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கரண்டி குழைந்த சோறு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கரண்டி. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். ஒரு கல்யாணத்தில் பாயசம் குடித்துவிட்டு இவருக்கு வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்துப் படுத்துவிட்டார்; இனிப்பு சட்டென்று குடலுக்கு இறங்கினால் அப்படி ஆகும் என்றார்கள். தலைப்பக்கக் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். மட்டமாகப் படுத்தால் இரவில் எல்லாம் வாய்க்கு வருகிறது.

நெசவாளர் மகள்:

அக்கா, டாக்டர், இருவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டாக்டர், அந்த 31.7 கண்ணிலேயே நிற்கிறது. கசிவு வராமலிருக்க நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

மயக்கவியல் மருத்துவர் (ஓய்வு):

உண்டு. இரைப்பையைக் குழாய்போல் தைத்து மேலே இழுக்கும்போது, அதன் நுனிக்கு ரத்தம் ஒரே ஒரு தமனி வழியாகத்தான் போகிறது. அந்த நுனியில்தான் இணைப்பு விழுகிறது. நுனியில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க, ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தை ஊசியில் செலுத்திச் சிறப்புக் கேமராவில் பார்க்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை உணவுக்குழாய் அறுவை செய்கிறீர்கள், கடந்த ஆண்டு எத்தனை பேருக்குக் கசிந்தது, இரவில் கசிவு தெரிந்தால் யார் வருவார் என்றும் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் குழுவிடம் அப்பாவை ஒப்படைக்கலாம்.

உங்கள் கையில் இருப்பது அவரது உடல். எடை இறங்கியிருந்தால் இப்போதே உணவியல் நிபுணரைப் பாருங்கள். முட்டையும் பருப்பும் அடித்துக் கூழாகக் கொடுங்கள், இறங்காவிட்டால் குழாய் வழி உணவுக்குத் தயங்காதீர்கள். காலையும் மாலையும் நடக்கட்டும். மூச்சை இழுத்துப் பந்தை உயர்த்தும் பயிற்சிக் கருவி, மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர், மருந்துக்கடையில் கிடைக்கும். மணிக்கு ஒருமுறை பத்து இழுப்பு, இன்றிலிருந்தே. அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் மயக்க மருத்துவரிடம் பீடிப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, நுரையீரல் திறன் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.