லாட்ஜ் வலைத்தளம் மூன்று நாளாக 503: தாக்குதலா, சர்வர் கோளாறா?

தோட்டப்பாளையம்_லாட்ஜ்:
வணக்கம். வேலூரில் 22 அறை உள்ள சின்ன லாட்ஜ் நடத்துகிறோம். சிகிச்சைக்கு வருபவர்களை நம்பித்தான் பிழைப்பு. பாதிக்கு மேல் வங்காளம், அசாம் பக்கத்துக்காரர்கள், வங்கதேசத்திலிருந்தும் வருவார்கள். வலைத்தளத்தில் அறை பிடித்துவிட்டுத்தான் காட்பாடியில் வந்து இறங்குவார்கள்.

மூன்று நாளாகத் தளம் திறக்கவில்லை. ஒரு நேரம் 503 (சர்வரால் இப்போது பதில் தர முடியவில்லை) என்கிறது, ஒரு நேரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் ஓடும், அப்புறம் படுத்துவிடும். 2 ஜிபி ராம் விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சர்வர் பங்கு), தளம் வேர்ட்பிரஸில் செய்தது. ஹோஸ்டிங்காரர்களைக் கேட்டால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். இதற்கிடையே நேற்று ஒரு மின்னஞ்சல்: பிட்காயின் அனுப்பினால் தாக்குதலை நிறுத்திவிடுவார்களாம். தளம் செய்துகொடுத்த தம்பி இப்போது துபாயில். எனக்கு சர்வரின் லாக் (யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற பதிவு) திறந்து பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். இரவு ஒரு குடும்பம் ஹவுராவிலிருந்து போன் செய்து, லாட்ஜை மூடிவிட்டீர்களா என்று கேட்டது.

சர்வர்_சாமி:
முதலில் ஒன்று: பணம் அனுப்ப வேண்டாம், அந்த மெயிலுக்குப் பதிலும் போட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். ஆக்சஸ் லாக்கில் கடைசி ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கத்தை அதிகம் கேட்கிறார்கள்? எத்தனை ஐபி (இணைய முகவரி)?

தோட்டப்பாளையம்_லாட்ஜ்:
ஒன்றே முக்கால் லட்சம் வரி சார்! வழக்கமாக நாள் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டாயிரம் தாண்டாது. எல்லாமே அறை காலியா என்று தேடும் பக்கம். தேதிக்குப் பின்னால் ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு எண் மாறி மாறி வருகிறது. ஐபி ஆயிரக்கணக்கில், பல நாடு. நம் ஊர் பிராட்பேண்ட் கூட இருக்கிறது.

ஆம்பூர்_அட்மின்:
சின் குக்கீஸ் (சின் ஃபிளட் தாக்குதலைத் தடுக்கும் சர்வர் அமைப்பு) ஆன் செய்யுங்கள், சரியாகிவிடும். இந்தியா தவிர மற்ற நாடுகளை பிளாக் செய்துவிடுங்கள்.

சர்வர்_சாமி:
அது வேறு வியாதிக்கு மருந்து அண்ணா. சின் ஃபிளட் என்பது போனில் "ரூம் எடுத்து வையுங்கள், இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆளே வராமல் இருப்பது. இணைப்பு பாதியில் தொங்கும், லாக்கில் வரியே விழாது. இங்கே ஒவ்வொருவனும் ரிசப்ஷனுக்கே வந்து, 22 அறையையும் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் போகிறான். இதை ஹெச்டிடிபி ஃபிளட் என்பார்கள். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஐம்பது கூட வரவில்லை. ஆனால் தேடல் ஒவ்வொன்றும் டேட்டாபேஸைத் தோண்டுகிறது. அந்த மாறும் எண் எதற்கென்றால், கேஷில் (முன்பே தயாரித்துச் சேமித்த இடத்தில்) இருக்கும் பழைய பதிலைக் கொடுத்து சர்வர் தப்பித்துவிடக் கூடாது என்பதற்கு. பெரிய பிளான் வாங்கினால் அவன் விநாடிக்கு ஐந்நூறு அனுப்புவான். அவனுக்கு அது செலவில்லை.

நாட்டை வைத்துத் தடுத்தால் வங்கதேச நோயாளிகளும் வெளியே நிற்பார்கள், உள்ளூர் ஐபி அப்படியே வரும்.

செய்ய வேண்டியது: தளத்துக்கு முன்னால் நின்று வருபவர்களை வடிகட்டும் கிளவுட்ஃபிளேர் சேவையின் இலவசக் கணக்கே போதும். நேம்சர்வரை (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வரை) அங்கே மாற்றி, 'அண்டர் அட்டாக்' மோடு போடுங்கள். வருபவர் பிரவுசரைச் சில விநாடி சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். தேடல் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஐபிக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வையுங்கள்.

தோட்டப்பாளையம்_லாட்ஜ்:
நேற்று மாலை மாற்றினேன், இரவு முழுக்க அருமையாக ஓடியது. காலையில் மறுபடி படுத்துவிட்டது.

காட்பாடிக்காரன்:
உங்கள் பழைய ஐபி அவனிடம் இருக்கிறது. முன்வாசலில் காவல் போட்டீர்கள், அவன் கொல்லைப்புறமாக வருகிறான். ஹோஸ்டிங்கில் கேட்டு ஐபியை மாற்றுங்கள். ஃபயர்வாலில் 80, 443 (வலைத்தளத்துக்கான போர்ட்கள்) இரண்டையும் கிளவுட்ஃபிளேர் வெளியிட்டிருக்கும் ஐபிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள். லாட்ஜ் மெயிலும் அதே சர்வரிலா? அப்படியென்றால் எம்எக்ஸ் ரெக்கார்டே (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பொதுப் பதிவு) புது ஐபியையும் காட்டிக்கொடுத்துவிடும். மெயிலை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நான் இதே குழியில் இரண்டு முறை விழுந்தவன்.

ஆம்பூர்_அட்மின்:
சரி, என் வைத்தியம் தப்பு. ஆனால் போலீசுக்குப் போனால் கேட்பார்களா?

சர்வர்_சாமி:
கேட்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 இதைத்தான் சொல்கிறது. பிரிவு 66ல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டலில் மெயிலையும் லாக்கையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். ஆள் கிடைப்பான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வந்த ஐபி எல்லாம் ஏதோ பாவப்பட்ட வீட்டு ரவுட்டரும் கேமராவுமாகத்தான் இருக்கும். 2016 அக்டோபர் 21 அன்று டின் (Dyn) நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களை (தளப் பெயரை ஐபியாக மாற்றிச் சொல்பவை) தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் பலருக்குத் திறக்காமல் போனதே, அந்த மிராய் பாட்நெட்டும் (தாக்குபவன் கைப்பற்றிய கருவிகளின் கூட்டம்) இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கருவிகளைப் பிடித்துக் கட்டியதுதான்.

தோட்டப்பாளையம்_லாட்ஜ்:
மெயில் மாற்றி, ஐபி மாற்றி, ஃபயர்வால் போட்டு இரண்டு நாளாகிறது. அவன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறான், கிளவுட்ஃபிளேரில் கோடு ஏறுவது தெரிகிறது. தளம் ஓடுகிறது. ஹவுரா குடும்பம் நாளைக்கு வருகிறது. புகாரும் கொடுத்தாயிற்று.

கேமரா என்றதும் எங்கள் வரவேற்பறை டிவிஆரை (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) பார்த்தேன். வாங்கியபோது இருந்த அதே பாஸ்வேர்டு! மாற்றிவிட்டேன்.

காட்பாடிக்காரன்:
அறைகளுக்கு வைஃபை கொடுக்கும் ரவுட்டர்?

தோட்டப்பாளையம்_லாட்ஜ்:
மாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.