பாப்பாவுக்கு மலம் போகும் வழி இடம் மாறி இருக்கிறதாம், 11 மாதம் கழித்துத் தெரிகிறது

பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா:

என் மகளுக்கு 11 மாதம். தாய்ப்பால் மட்டும் குடித்தவரை நாளைக்கு மூன்று நான்கு முறை போவாள். ஏழாம் மாதம் ராகிக் கூழ் ஆரம்பித்தோம். அதிலிருந்து நாலு நாளைக்கு ஒரு தடவைதான், அதுவும் முகம் சிவக்க முக்கி, பென்சில் கனத்தில். இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம், சிரப் எழுதினார்கள். யாரும் துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை. போன வாரம் எடை பார்க்க அங்கன்வாடிக்குப் போனபோது செவிலியர் அக்கா பார்த்துவிட்டு, "ஓட்டை ரொம்ப முன்னாடி இருக்கு, குழந்தை அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டுங்க" என்றார். தினமும் கழுவிவிட்ட எனக்கே தெரியவில்லை. ரொம்பத் தாமதமாகிவிட்டதா? வயிற்றில் ஓட்டை போட்டு மலம் சேரப் பை வைப்பார்களா?

காவேரிப்பட்டணம் அக்கா:

தங்கச்சி, என் மகளுக்குத் தெரிந்தபோது ஒரு வயது இரண்டு மாதம். கண்டுபிடித்தது என் மாமியார். மலம் வரவில்லை என்று வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைக்கப் போனவர், "வைக்க வேண்டிய இடத்தில் வழியே இல்லையே" என்று கையை எடுத்துவிட்டார். அங்கே சின்னக் குழிதான் இருந்தது. மலம் பிறப்புறுப்பு வாசலை ஒட்டி இன்னொரு சின்ன ஓட்டை வழியாக வந்துகொண்டிருந்தது. பால் மலம் தண்ணியாக இருப்பதால் அதில் வந்துவிடும், கூழும் களியும் சாப்பிட்டால் வராது. பெண் குழந்தைகளுக்கு இந்த வகைதான் அதிகமாம்.

ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். முதலில் இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தக் குறையோடு அவற்றிலும் கோளாறு சேர்ந்து வரலாமாம். சில குழந்தைகளுக்கு ஒரே ஆபரேஷனில் முடித்துவிடுகிறார்கள். என் மகளுக்குக் குடல் வீங்கிப் பெருத்துவிட்டதால் முதலில் பை வைத்து, அப்புறம் வழியை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து, கடைசியாகப் பையை மூடினார்கள். பையை முதலில் பார்த்தபோது அழுதேன். இரண்டாம் வாரம் நானே மாற்றினேன்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது அதற்கப்புறம்தான். புது வழி சுருங்காமலிருக்க உலோகக் குச்சி விட்டு தினமும் இரண்டு வேளை விரிக்க வேண்டும். பிள்ளை கத்துவாள், பாட்டி வெளியே எழுந்து போய்விடுவார். ஒரு நாளும் விடாதே. இப்போது ஒன்றாம் வகுப்பு. மலச்சிக்கல் இன்னும் உண்டு, மருந்து நிற்கவில்லை. ஆனால் தானே போய் உட்கார்ந்து வருகிறாள்.

பிரசவ வார்டு செவிலியர், கிருஷ்ணகிரி:

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, மலவாய் சரியாக அமையாத இந்த வகைப் பிறவிக் குறைகளில் ஏதாவது ஒன்று இருக்கும். நாங்கள் 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ, அதாவது பிறந்த குழந்தையின் முதல் மலம், போனதா என்று கேட்போம். துணியில் கரும்பச்சைக் கறை இருந்தால் 'போனது' என்று எழுதிவிடுவோம். எந்த வழியாகப் போனது என்று பார்ப்பது விட்டுப்போகிறது. எனக்கும் ஒரு குழந்தை அப்படித் தவறியிருக்கிறது. அதற்கப்புறம் பெண் குழந்தை என்றால் கால்களை விரித்து, வெளிச்சத்தில், சிறுநீர், பிறப்புறுப்பு, மலம் என மூன்று வாசலும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று எண்ணாமல் தாயிடம் கொடுப்பதில்லை. ஆண் குழந்தைக்கு விதைப்பைக்குக் கீழே நடுக்கோட்டில் மலத்தின் பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பேன்.

பென்னாகரம் அம்மா:

அக்கா, திங்கட்கிழமை சேலம் போகிறோம். வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டார். அதுவரை சிரப் கொடுக்கலாமா?

பிரசவ வார்டு செவிலியர்:

டாக்டர் பார்க்கும்வரை நிறுத்த வேண்டாம். நீங்களாக எனிமாவும் காம்பும் வைக்காதீர்கள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் திங்கள்வரை காத்திருக்காமல் அன்று ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டை, காப்பீட்டு அட்டை இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.