ஆலமர போன்சாய் இலை மொத்தமும் கொட்டிவிட்டது, பிழைக்குமா?

தாம்பரம் மாடி

வணக்கம். மாமனார் வளர்த்த ஆலமர போன்சாய், இருபது வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார். அவர் கோவைக்கு மைத்துனர் வீட்டோடு போய்விட்டதால் ஆடியில் டெம்போவில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார். வரும்போது இலை நன்றாகத்தான் இருந்தது. ஆவணியில் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்து, இப்போது புரட்டாசி பிறந்ததும் ஒரு இலைகூட இல்லை. பால்கனியில் காலை வெயில் கொஞ்ச நேரம் வரும். தண்ணீர் தினமும் ஊற்றுகிறோம், போர் தண்ணீர்தான். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சில குச்சிகள் தொட்டாலே படக்கென்று ஒடிகின்றன, சில வளைகின்றன. கிளையை வளைத்து வடிவம் கொடுக்க ஒரு கிளையில் சுற்றிய அலுமினியக் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது.

நர்சரியில் ஒருவர் "உரம் போடுங்க, வந்துடும்" என்றார். இன்னொருவர் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னார். மாமனாருக்கு இன்னும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மரத்தைக் காட்டு என்பார். உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டிமண்

முதலில் உரம் வேண்டவே வேண்டாம். இலையே இல்லாத மரத்துக்கு உரம் போட்டால் அந்த உப்பு வேரைத்தான் எரிக்கும்.

நகத்தால் குச்சியின் நுனியில் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக, காய்ந்து இருந்தால் ஒரு அங்குலம் கீழே வந்து மறுபடி கீறுங்கள், அப்படியே கிளை, பெருங்கிளை, அடிமரம் என்று இறங்குங்கள். ஆலுக்கு ஒரு வசதி, பால் மரம். பட்டைக்குள் பச்சை தெரிந்து பாலும் கசிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பச்சை மங்கலாக இருந்து பால் வராவிட்டால் அந்த இடத்தை நம்ப முடியாது, கீழே போய்ப் பாருங்கள். எங்கே கீறினீர்கள், பால் வந்ததா என்று இங்கே எழுதுங்கள்.

ஓசூர் ஜூனிபர்

சட்டிமண் அண்ணா சொல்வது ஆல், அரசு, இச்சிக்குச் சரி. இதே சோதனையை வேறு மரத்தில் செய்து ஏமாற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஜூனிபர் என்ற ஊசியிலை மரம் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். நிறம் மங்கி, இலை தொட்டால் மொறமொறவென்று உதிரும்போதுதான் நமக்கே தெரியவரும், அதற்குள் வேர் எப்போதோ போயிருக்கும். சென்னை வெயிலுக்கு ஜூனிபர் வாங்கி ஹாலில் டீவி பக்கத்தில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஜப்பானில் சைத்தமா பக்கம் ஒமியா என்று ஒரு போன்சாய் கிராமமே இருக்கிறது, 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ தோட்டக்காரர்கள் போய்க் குடியேறிய இடம், அங்கே இந்த மரமெல்லாம் குளிர்காலத்திலும் வெளியில்தான் நிற்கும். குளிர் ஓய்வு இல்லாவிட்டால் நாளடைவில் சோர்ந்துபோகும்.

உங்களுடையது ஆல் என்பதால் நம்பிக்கை இருக்கிறது. இடம் மாறினால் இலை கொட்டுவது அதன் குணம். ஆனால் குச்சி ஒடிகிறது என்றால் இடம் மாறியது மட்டும் காரணமில்லை, வேரைப் பாருங்கள்.

தாம்பரம் மாடி

கீறிப் பார்த்தோம். நுனிக் குச்சிகள் எல்லாம் காய்ந்துவிட்டன. இடது பெருங்கிளையில் பால் வந்தது, அடிமரத்தின் இடது பக்கமும் வந்தது. வலது பக்கம் உச்சியிலிருந்து பாதி அடிமரம் வரை ஒன்றும் இல்லை, பட்டையைத் தட்டினால் பொத்தென்று சத்தம், ஒரு இடத்தில் பட்டையே கையோடு வந்துவிட்டது. மரத்தைத் தட்டிலிருந்து தூக்கினோம், அடியில் சாக்கடை வாடை. வலது பக்க வேர் கறுப்பு, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மாதிரி மிஞ்சுகிறது. இடது பக்கம் கொஞ்சம் பழுப்பு, கெட்டியாக இருக்கிறது, நுனி வெள்ளை.

சட்டிமண்

அப்படியானால் மரம் பிழைக்கும். ஆனால் உங்கள் மாமனார் பார்த்த மரமாகப் பிழைக்காது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள், இல்லாவிட்டால் செத்த கிளையைக் காப்பாற்றப் போய் உயிருள்ளதையும் இழப்பீர்கள்.

அழுகல் வலது பக்க வேரில் ஆரம்பித்து, அந்த வேர் ஊட்டிய பக்கம் அப்படியே மேலே வரை காய்ந்திருக்கிறது. டெம்போவில் மரம் குலுங்கி வேர் அறுந்திருக்கலாம், தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். போர் தண்ணீர் உப்பும் சேர்ந்தது, அந்த வெள்ளைப் பூப்பு அதுதான்.

இப்போதே மண் மாற்றுங்கள், ஐப்பசி மழை பிடிப்பதற்குள். நல்ல வேர் வரை கறுப்பை வெட்டிவிட்டு ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள். அந்தச் சின்னத் தட்டிலேயே திரும்ப வைக்காதீர்கள், ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும், அழகு பிறகு பார்க்கலாம். பட்டாணி அளவு செங்கல் ஜல்லி முக்கால் பங்குக்கும் மேல், சலித்த மட்கிய தொழு உரம் கால் பங்குக்கும் குறைவு. தோட்டத்து மண், கோகோபீட் இரண்டும் வேண்டாம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரம் ஆடாமல் கயிறு போட்டுத் தொட்டியோடு கட்டுங்கள், ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். புதைந்த கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிரிக்காமல் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

ஓசூர் ஜூனிபர்

இங்கே எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு சோர்ந்த மரத்தின் வேரை மொத்தமாக அலசினால் மிச்சமிருக்கிற சல்லி வேரும் போகும். கறுப்பை மட்டும் வெட்டிவிட்டு, இடது பக்கம் ஒட்டியிருக்கிற மண்ணை அப்படியே விட்டு, சுற்றிலும் ஜல்லி போடுவது நல்லது.

சட்டிமண்

சாக்கடை வாடை இல்லையென்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அழுகிய மண்ணை உள்ளே வைத்துக்கொண்டு மருந்து ஊற்றிப் பயனில்லை. சரி, இடது பக்கத்தை மட்டும் குழாயடியில் பிடிக்காமல் பக்கெட் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கட்டும், மண் தானாகக் கரையும், வேர் அறுபடாது.

செத்த கிளைகளை இப்போது வெட்டிவிடலாம். ஜூனிபரில் செத்த மரத்தைச் சீவி வெள்ளையாக விட்டு அழகு பார்ப்பார்கள், ஆலில் அது நிற்காது, நம் மழையில் உளுத்துப் போகும். வலது பக்கத்தை உயிருள்ள பட்டை ஆரம்பிக்கும் இடம் வரை சீவி, மர வெட்டுக்காயத்துக்குப் போடும் பசை பூசி விடுங்கள். விளிம்பிலிருந்து பட்டை மெல்ல உருண்டு மூடும், முழுசாக மூட வருடங்கள் ஆகும்.

இன்னொன்று, உயிருள்ள இடது கிளையில் விரல் கனத்தில் ஒன்றை வெட்டிப் போத்து நட்டு வையுங்கள். பால் வடிவது நின்றதும் ஈர மணலில் நிழலில் நட்டால் போதும். தாய் மரம் போனாலும் மாமனார் மரத்தின் கன்று கையில் இருக்கும்.

தாம்பரம் மாடி

மாமனாரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், அந்த வலது பக்கம் தனக்கே பிடிக்காது, வெட்ட மனசு வராமல் விட்டேன் என்கிறார்! ஞாயிறு மண் மாற்றப் போகிறோம். அதன் பிறகு தண்ணீர் எப்படி? ஆர்ஓ கழிவுத் தண்ணீர் நிறைய வீணாகிறது, அதை ஊற்றலாமா?

சட்டிமண்

அதை மட்டும் ஊற்றவே கூடாது, போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதுதான் முதல் தரம். கணக்கு வைத்துத் தினமும் ஊற்றாதீர்கள். இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது. ஒரு விரல் ஆழம் ஜல்லியைக் கிளறிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மரத்தின் மேல் பாலிதீன் கவரைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள், நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். மொட்டு விட்டால் அடிமரத்திலோ பெருங்கிளையிலோதான் விடும், எங்கே விட்டாலும் இப்போதைக்குக் கிள்ளாதீர்கள். அந்தப் பழைய தட்டையும் எறிந்துவிடாமல் அடி ஓட்டையைக் கம்பியால் குத்திப் பாருங்கள், உள்ளே வேர் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கியதற்குக் காரணம் அதுதான்.