பீரியட்ஸுக்கு முந்தின வாரப் பசி: உங்களுக்கும் உண்டா?

பொன்மலை மருமகள்:
மத்த நாள்ல ரெண்டு இட்லியோட எழுந்திரிக்கிற ஆள் நான். பீரியட்ஸ் வர ஒரு வாரம் இருக்கும்போது நாலு இட்லி உள்ளே போன பிறகும் கை மிக்சர் டப்பாவைத் தேடும். இனிப்பு வேண்டாம், காரம்தான். "வாயைக் கட்டத் தெரியலை"ன்னு அத்தை முணுமுணுப்பாங்க. தைராய்டு செக்கப்புக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கருமுட்டை வெளிவர்றதுக்குச் சற்று முன்னாடி ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் உச்சத்துல இருக்குமாம். அது மூளையில ஹைப்போதலாமஸ்ல வேலை செஞ்சு பசியை அடக்குது. முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன்ங்கிற இன்னொரு ஹார்மோன் ஏறும், உடம்புச் சூடும் அரை டிகிரி செல்சியஸ் வரை கூடும், பசியும் கிளம்பும். காலண்டர்ல குறிச்சுப் பார்த்தேன், அச்சா பொருந்துது. உங்க கதையைச் சொல்லுங்கப்பா.

கைக்குழந்தைக்காரி:
பால் கொடுக்கிறப்ப வர்ற பசி தெரியுமா உங்களுக்கு? நடுராத்திரி பிள்ளையைத் தூங்க வச்சுட்டு நின்னுக்கிட்டே பழைய சோறு சாப்பிட்டிருக்கேன். அம்மா வீட்டுல பத்தியம்னு ரெண்டு கைப்பிடி சோறும் பூண்டுக் குழம்பும் அளந்து வச்சாங்க. வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்தான் சத்தம் போட்டாங்க: முதல் 6 மாசம் தினமும் 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லுது, நீங்க குறைக்கிறீங்களேன்னு. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டினே பசியையும் தூண்டுமாம். மறுநாளே பால்சுறா புட்டு வந்துச்சு.

பெயர் வேண்டாம்:
மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற கருத்தடை ஊசி (அந்தரா) போட்ட பிறகு பசி கூடிடுச்சு. அதுவும் புரோஜெஸ்டிரோன் வகைதான். எல்லாருக்கும் அப்படி ஆகாதாம். எனக்கு ஆச்சு, இப்ப காப்பர் டி.

ரிட்டயர்டு டீச்சர்:
மாதவிடாய் நின்ற பிறகு எனக்குப் பசி பெரிசா கூடலை. இடுப்புச் சதை வயிற்றுக்கு இடம் மாறினதுதான் மிச்சம். ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா அப்படித்தானாம். ராத்திரி வியர்த்துக் கொட்டித் தூக்கம் போற அன்னிக்கு மட்டும் மறுநாள் பூரா எதையாவது கொறிக்கத் தோணும்.

ஆனா எல்லாத்தையும் ஹார்மோன் தலையில கட்டாதீங்கம்மா. அமெரிக்காவுல இருக்கிற பெண்களுக்கு அந்த வாரம் சாக்லேட் வேணும்கிறாங்க, மருமகளுக்கு மிக்சர். ரெண்டு பேருக்கும் ஓடுறது ஒரே ஹார்மோன்தானே? பசியை அது கிளப்பும். எதைத் தேடுறோம்கிறது வளர்ந்த வீட்டுப் பழக்கம். இன்னொண்ணு: என் தங்கை மசக்கையில பச்சரிசியை அள்ளி அள்ளி மென்னா. ஆசைன்னு விட்டுட்டோம். ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 8தான், ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பிச்சதும் அரிசி டப்பா பக்கமே போகலை.

பொன்மலை மருமகள்:
டீச்சரம்மா, விபூதி தின்னாலும் இதேதானா? என் ஓரகத்திக்கு அஞ்சாம் மாசம், பூஜை அறையில தட்டு காலியாயிட்டே இருக்கு.

ரிட்டயர்டு டீச்சர்:
இருக்கலாம். நாளைக்கே கூட்டிட்டுப் போய் ரத்தம் பாருங்க. அதுவரை தட்டை மேல எடுத்து வைங்க.