குழந்தைகள் நலக் குழு உத்தரவுக்கு மேல்முறையீடு: புதுப்பிப்பு

பிள்ளையைக் காப்பகத்தில் வைக்கச் சொன்ன குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அளவிலான குழு) உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அந்த 30 நாள் எப்போது தொடங்கும் என்பதுதான் பலருக்கும் குழப்பம். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, உத்தரவு தேதியிலிருந்து. 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 101. அதனால் உத்தரவு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிடுங்கள். நாள் கடந்துபோனால் தாமத மன்னிப்பு மனுவுக்கு அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.

மேல்முறையீட்டு மனு போவது குழந்தைகள் நீதிமன்றத்துக்கு. வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளரவிடுவது), நிதி ஆதரவு, காப்பகத்துக்குப் பிந்தைய பராமரிப்பு தொடர்பான முடிவு என்றால் மட்டும் மாவட்ட ஆட்சியரிடம். இங்கே இடம் மாறித் தாக்கல் செய்தால் நாள்தான் வீணாகும்.

'பெற்ற பாசம்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பயனில்லை. சமூக விசாரணை அறிக்கை (குடும்ப நிலையை விசாரித்துக் குழுவுக்குத் தரப்படுவது) குறைசொன்ன இடம் எது? வீடா, குடியா, பள்ளி நின்றதா? ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலையைக் காட்டும் ஆவணம் வையுங்கள்.

குழந்தைகள் நீதிமன்றத்திலும் தோற்றால் இரண்டாவது மேல்முறையீடு கிடையாது. பிரிவு 102-இல் உயர் நீதிமன்றத்தில் (தென் மாவட்டத்தார் மதுரைக் கிளையில்) சீராய்வு மனு, அதாவது அந்த உத்தரவு சட்டப்படி சரியா என்று பார்க்கக் கோரும் மனு, போடலாம். தாய்மார்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும்.

இன்னொன்று, பிள்ளையின் பெயரோ படமோ இங்கே போடாதீர்கள். பிரிவு 74-இன்படி குற்றம்.