பாப்பாவின் ஏழு ‘நைஸ்’

*அக்கா:* பாப்பாவின் ஆங்கிலக் கட்டுரை திருத்தி வந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் ஏழு ‘நைஸ்’. ஏழுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘வேறு சொல்லே இல்லையா?’ என்று மிஸ் எழுதியிருக்கிறார். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

*கார்த்தி:* மழை நைஸ், பென்சில் நைஸ், நாய் நைஸ். எனக்குப் புரிந்ததே 😄

*சித்தி:* நாய் நைஸ் என்றால்? கடிக்காது என்றா, மொழுமொழுவென்று இருக்கிறது என்றா?

*நான்:* மிஸ் கேட்பதும் அதைத்தான் சித்தி.

*அக்கா:* அது கெட்ட வார்த்தையா என்று கேட்கிறாள்.

*பெரியப்பா:* ஒரு காலத்தில் வசவுதான் அம்மா. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். ‘ஸ்கிரே’ என்றால் அறிதல், முன்னால் வரும் ‘நெ’ அதை மறுக்கிறது. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் முட்டாள். அதே ‘ஸ்கிரே’யின் வழியில் வந்ததுதான் ‘சயின்ஸ்’.

*கார்த்தி:* என் ரிப்போர்ட்டில் எல்லாம் மானேஜர் ‘நைஸ்’ என்று போடுகிறாரே!

*பெரியப்பா:* அவருக்கு 700 வயது என்றால் கவலைப்படு.

*பெரியப்பா:* முட்டாளுக்கு அப்புறம், எதையும் நோண்டிக் குறை சொல்பவன் என்று ஆனது. அங்கிருந்து நுட்பமானது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் இன்றைக்கும் நல்ல வேறுபாடு இல்லை, மயிரிழை வேறுபாடு. ‘இனிமையானது’ என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் அநேகமாக மங்கிவிட்டது.

*சித்தி:* நம்மிடம் மங்கவில்லையே! பொடி நைஸாக இருக்கிறது, துணி நைஸாக இருக்கிறது என்கிறோம். அதில் இனிமை எங்கே? விரலில் தட்டுப்படாத மெல்லிசு.

*பெரியப்பா:* அட, ஆமாம்! இது எனக்குத் தோன்றவே இல்லை.

*நான்:* ‘நைஸாக நழுவினான்’?

*சித்தி:* அதுவும் மெல்லிசுதான். சத்தமே வராது.

*கார்த்தி:* ‘நைஸ் பண்ணுவது’?

*சித்தி:* போன மாதம் வண்டிச் சாவி கேட்டபோது நீ செய்தது.

*நான்:* 😂😂

*அக்கா:* இன்னொரு வரி: ‘நைஸ் அண்ட் வார்ம்’. போர்வையைப் பற்றி.

*பெரியப்பா:* அதைத் தொடாதே, சரியாக இருக்கிறது. நாம் ‘நல்ல இருட்டு’ என்கிறோமே, இருட்டு நல்லது என்றா சொல்கிறோம்? நன்றாக வெதுவெதுப்பாக என்று அர்த்தம்.

*அக்கா:* சரி, நாய் வரியை அவளே மாற்றிவிட்டாள். ‘ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.’

*சித்தி:* இப்போது நாய் தெரிகிறது!

*அக்கா:* இன்னும் ஐந்து பாக்கி. கார்த்தி, நீ கொஞ்சம் உட்கார்ந்து சொல்லிக் கொடேன்.

*அக்கா:* கார்த்தி?

*நான்:* நீல டிக் விழுந்துவிட்டது. ஆள் ஆன்லைனில் இல்லை.

*சித்தி:* சத்தம் வந்ததா பார்?