யூடெக்டிக்குக்கு "தாழுருகு" போதுமா?

அண்ணை, யூடெக்டிக்குக்கு (eutectic: குறித்த ஒரு விகிதத்தில் கலந்ததால் ஒரே தாழ்ந்த வெப்பநிலையில் முழுதும் உருகும் கலவை) தமிழாக நீங்கள் சொன்ன "தாழுருகு கலவை" காதுக்கு நல்லாத்தான் இருக்கிறது. 1884இல் பிரித்தானிய விஞ்ஞானி ஃபிரெடரிக் கத்ரி யூடெக்டிக் என்ற பெயரைக் கிரேக்கத்திலிருந்து எடுத்ததும் "இலேசாக உருகுவது" என்ற பொருளில்தான், ஆகவே மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் நியாயம் உங்கள் பக்கம். ஆனால் நான் தமிழாக்கும் உருகிய உப்புப் பாடக்குறிப்பில் அது இடறுகிறது.

இலிதியங் குளோரைட்டு தனியே உருக 610 பாகை செல்சியசு அளவில் வேண்டும், பொற்றாசியங் குளோரைட்டுக்கு 770. மூல் கணக்கில் (எடையில் அல்ல, துணிக்கைகளின் எண்ணிக்கையில்) 59க்கு 41 என்று கலந்தால் 355க்குக் கிட்டவே எல்லாம் திரவம். அதனால்தான் லந்தனம் குளோரைட்டு போன்றவற்றை அதில் கரைத்து, தங்குதன் கம்பியை மின்வாயாக இறக்கி, 450, 500 பாகையில் மின்னோட்டத்தை அளக்க முடிகிறது. (எல்லாம் ஆகன் வாயு நிரப்பிய பெட்டிக்குள்தான். கொழும்புக் காற்றில் திறந்து வைத்தால் இலிதியங் குளோரைட்டு ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும்.)

சரி, பாதிக்குப் பாதி கலந்தால்? அதுவும் தனி உப்புகளைவிடத் தாழ்ந்துதான் உருகும், ஆனால் ஆறும்போது பொற்றாசியங் குளோரைட்டு முதலில் பளிங்காகப் பிரிந்து, மிஞ்சிய திரவத்தின் விகிதம் மாறிக்கொண்டே போகும். அது யூடெக்டிக் இல்லையே. புறக்கோட்டையில் ரேடியோ திருத்துகிறவர்களிடம் கேளுங்கள்: 63க்கு 37 வெள்ளீய-ஈயப் பற்றாசுக் கம்பி 183 பாகையில் டக்கென்று இறுகும், 60க்கு 40 ஒரு கணம் கூழாக நிற்கும், அந்நேரம் கை ஆடினால் பற்றவைத்த இடம் மங்கிப்போகும். இரண்டுமே தாழ்ந்து உருகுபவைதான்!

ஆக, ஒரே வெப்பநிலையில் இரண்டும் சேர்ந்து உருகுவதைச் சொல் காட்ட வேண்டும். முதலில் "உடனுருகு" என்று வைத்தேன், தங்கச்சி "உடனே உருகுமா, ஐஸ்கிறீம் மாதிரியா?" என்றாள், விட்டுவிட்டேன். இப்போது "ஒருங்குருகு கலவை". என்ன சொல்கிறீர்கள்?

---

தம்பி, தாழுருகை விட்டுவிடுகிறேன், அந்தக் கூழ்நிலை விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒருங்குருகிலும் சிக்கல் உண்டு. முக்கோணிப் பாடத்தில் "ஒருங்கிசைவு" படித்த பிள்ளை, ஒரு சேர்வை தன் சேர்மானம் மாறாமல் உருகுவதைத்தான் "ஒருங்குருகல்" என்று நினைக்கும், கலவை விகிதத்துக்கு உருகும் வெப்பநிலையைக் காட்டும் அதே வரைபடத்தில் அதற்கும் ஒரு சொல் தேவைப்படும். ஒருங்குருகை அங்கே வைத்துக்கொள்ளும். இதற்குக் "கூட்டுருகு கலவை", "கூட்டுருகு வெப்பநிலை" என்று போட்டுப் பாரும். தங்கச்சியிடமும் ஒருக்கால் கேளும், மரக்கறிக் கூட்டு என்பாளோ தெரியாது.